வேட்புமனு நாளன்றே முடிந்த தேர்தல்

தேர்தல் வேலைக்குப் போன எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது வாக்குப் பெட்டியை அல்ல, ஏஜெண்டுகள் உட்காரும் பெஞ்சை. எதிரும் புதிருமான கட்சிக்காரர்கள் நாலைந்து பேர் அதில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "அந்தம்மா விரல்ல மை சரியா வைக்கலை", "அவர் பேரு லிஸ்ட்ல இல்லை" என்று சண்டை பிடித்தால் அன்றைய பொழுது ஒழுங்காகப் போய்விடும். ஒரே கட்சிக்காரர் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "டீச்சர், காபி சொல்லட்டுமா?" என்று உபசரித்தால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி. சமூக அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். முசிறி, லால்குடி, மண்ணச்சநல்லூர் என்று மாவட்டத்தின் பல மூலைகளுக்கும் வாக்குப் பெட்டியோடு போய் வந்திருக்கிறேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. சண்டை நடக்கும் ஏதோ ஒரு நாட்டில் தேர்தல் நடந்து, "இத்தனை சதவீதம் வாக்குப்பதிவு, ஜனநாயகம் வென்றது" என்று டி.வி.யில் சொல்லும்போதெல்லாம் அந்த ஊர் பெஞ்சில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

இதற்கு இராக் வரை போக வேண்டாம். ராமேஸ்வரத்துக்கு எதிர்க்கரையில், நம் நாட்டு ராணுவம் காவல் நிற்க, ஒரு தேர்தல் நடந்தது. 1988 நவம்பர் 19. இலங்கையின் வடகிழக்கு மாகாண சபைத் தேர்தல். எங்கள் ராஜகோபுரத்துக்குக் குடமுழுக்கு ஆகி ஒன்றரை வருஷம் கடந்திருந்த சமயம். ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் அப்போது இலங்கைப் பேச்சுதான். இரவில் ரேடியோவில் பி.பி.சி. தமிழோசை கேட்காமல் எங்கள் அப்பா படுக்கப் போகமாட்டார். இருந்தும் அந்தத் தேர்தலைப் பற்றி இன்று தமிழ்நாட்டில் நூறு பேரிடம் கேட்டால் இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அமைதிப்படை ஞாபகம் இருக்கிறது, ராஜீவ் காந்தி ஞாபகம் இருக்கிறார், அந்தப் படை அங்கே நடத்திக்கொடுத்த தேர்தல் மட்டும் மறந்துபோயிற்று.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1987 ஜூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கு, கிழக்கு மாகாணங்கள் தற்காலிகமாக இணைக்கப்படும். அந்த இணைந்த மாகாணத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சபை இருக்கும். இணைப்பு நீடிக்க வேண்டுமா என்று கிழக்கு மக்களிடம் பின்னால் வாக்கெடுப்பு நடக்கும். மாகாண சபைத் தேர்தல் அந்த 1987ஆம் ஆண்டு முடிவதற்குள் நடந்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. இயக்கங்களின் ஆயுதங்களை வாங்கிக்கொள்ள, அமைதியைக் காக்க என்று நம் படை போனது.

தேர்தல் வரும்வரை ஓர் இடைக்கால நிர்வாக சபை அமைப்பதாக ஏற்பாடு. அதில் பன்னிரண்டு இடங்களில் ஏழு விடுதலைப் புலிகளுக்கு என்று செப்டம்பர் கடைசியில் பேசி முடித்தார்கள். தலைவர் யார் என்பதில் அதுவும் உடைந்தது. அதற்குள் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்திருந்தார். அக்டோபர் முதல் வாரத்தில் இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த புலேந்திரன், குமரப்பா உள்ளிட்ட புலிகள் சயனைடு தின்று இறந்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி நம் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. தீபாவளியன்று, அக்டோபர் 21இல், யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நம் சிப்பாய்கள் புகுந்ததில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளுமாக எழுபது பேர் வரை செத்தார்கள். அதே படைதான் ஒரு வருஷம் கழித்துத் தேர்தலுக்குக் காவல் நின்றது. இதை மறந்துவிட்டு அந்தத் தேர்தலைப் பற்றிப் பேச முடியாது.

இலங்கை அரசு அழைத்துத்தான் போனோம், அது ஆக்கிரமிப்பு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. சட்டத்தின்படி அவர்கள் சொல்வது சரி. ஆனால் தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கி, அடையாள அட்டை கேட்டு, இந்தியில் அதட்டுகிற படையை யாழ்ப்பாணத்துக்காரர் எந்தச் சட்டப் பிரிவில் வைப்பார்?

கிழக்கில் மூன்று கட்சிகள் மோதின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்தத் தேர்தலின் நல்ல பாதி அதுதான். மொத்தம் 71 இடங்கள். வடக்கில் 36, கிழக்கில் 35. கிழக்கில் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வாக்குப்பதிவு நடந்தது. பத்மநாபாவின் தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப். 17 இடம், அஷ்ரஃப்பின் முஸ்லிம் காங்கிரஸ் 17 இடம், ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி ஒரே ஓர் இடம். கிழக்கு முஸ்லிம்களுக்கு அதுவரை சொந்தக் குரலாக ஒரு கட்சி சபையில் இருந்ததில்லை. கொழும்புப் பெருங்கட்சிகளுக்குள் ஒதுங்கித்தான் அரசியல் செய்தார்கள். தமிழ் இயக்கங்களின் துப்பாக்கிக்கும் சிங்களக் கட்சிகளின் அலட்சியத்துக்கும் நடுவில் நின்று, முஸ்லிம் காங்கிரஸ் அந்தத் தேர்தலில் எழுந்தது. அதற்குப் பின் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கொழும்பில் ஆட்சி அமைக்கிற பல பேர் அந்தக் கட்சியின் தயவை நாட வேண்டியிருந்தது. ஆகவே அந்தத் தேர்தல் முழுக்க நாடகம் என்று சொல்லிவிட எனக்கு மனமில்லை.

வடக்கு வேறு கதை. அங்கே 36 இடங்களிலும் ஒரு வாக்குச்சீட்டுகூடப் பெட்டியில் விழவில்லை. ஈ.பி.ஆர்.எல்.எஃப். 24, ஈ.என்.டி.எல்.எஃப். 12 என்று போட்டியே இல்லாமல் முடிந்தது. நம்மூர்ப் பாஷையில் அன்னபோஸ்ட். இரண்டுமே நம் படையின் அரவணைப்பில் இருந்த இயக்கங்கள். புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லி, நிற்பவர்களைத் துரோகி என்றார்கள். அந்தச் சொல்லுக்கு அங்கே தண்டனை என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். அமிர்தலிங்கத்தின் தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கிக்கொண்டது. 1977 தேர்தலில் 18 இடங்களை வென்று நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியாக உட்கார்ந்த கட்சி அது! இன்னொரு பக்கம், வேறு யாராவது மனுத் தாக்கல் செய்ய விரும்பியிருந்தாலும் படையின் செல்லப் பிள்ளைகளாக ஆயுதத்தோடு உலவிய இளைஞர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. புலிகளின் துப்பாக்கி நிற்காதே என்றது. இவர்களின் துப்பாக்கி எங்களை எதிர்த்து நிற்காதே என்றது. வடக்கின் தேர்தல் வேட்புமனு நாளன்றே முடிந்துவிட்டது. நவம்பர் 19ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் யாருக்கும் வேலையில்லை.

இப்படி நடக்கும் என்பதை நம்ப முடியாதவர்கள் மதுரைப் பக்கம் விசாரிக்கலாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவியை 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். பத்து வருஷம் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடக்கவில்லை. யாரும் வாக்குச்சாவடியைக் கொளுத்தவில்லை. மனுத் தாக்கல் செய்ய ஆள் வராது, அவ்வளவுதான். அல்லது ஆதிக்க சாதியார் நிறுத்திய ஒருவர் ஜெயித்து, மறுநாளே ராஜினாமா செய்வார். அதே மாவட்டத்தின் மேலவளவில் துணிந்து நின்று ஜெயித்த தலைவர் முருகேசனை 1997 ஜூனில் வெட்டிக் கொன்றார்கள். 2006 அக்டோபரில்தான் அந்த ஊர்களில் முறையாகத் தேர்தல் நடத்த முடிந்தது. அன்னிய ராணுவமும் கெரில்லாவும் இல்லாத நம் தமிழ்நாட்டிலேயே பயம் வேலை செய்கிற இடம் வேட்புமனு மேஜைதான். வாக்குப்பதிவு நாளன்று ஆயிரம் போலீசை நிறுத்துவது சுலபம். மனுப் போட்டவர் அன்று ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்குவதற்குக் காவல் கொடுப்பது கஷ்டம். அதனால்தான் அரசாங்கங்கள் முன்னதைச் செய்து படம் எடுத்துக்கொள்கின்றன.

நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று கொட்டப்பட்டு அகதி முகாமுக்குப் பக்கம். ஸ்ரீரங்கத்திலிருந்து ஜங்ஷனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து டி.வி.எஸ். டோல்கேட் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் இன்னொரு பஸ். முகாமுக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும். கொழும்பிலிருந்து வருகிற விமானமும் அவற்றில் உண்டு. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் "ரீச்சர்" என்றுதான் கூப்பிடும். ஒரு மாணவியின் அம்மா திருகோணமலைப் பக்கத்துக்காரர். 1985இல் படகில் வந்து, ஒப்பந்தத்தை நம்பி 1988இல் கப்பலேறித் திரும்பிப் போய், 1990இல் கைக்குழந்தையோடு மறுபடி படகில் வந்தவர். அப்படி ஒப்பந்தத்தை நம்பித் திரும்பிப் போனவர்கள் ஏறக்குறைய 25,000 பேர்.

ஒரு நாள் மாலை மகளின் மார்க் விஷயமாக வந்தவர் பேச்சுவாக்கில் அந்தத் தேர்தலைப் பற்றிச் சொன்னார். "வோட்டுப் போடப் போகக் கூடாதெண்டு நோட்டீஸ் ஒட்டியிருந்தவை ரீச்சர். பின்னேரம் மற்ற இயக்கப் பெடியள் வந்து, ஒரு வீடு மிச்சமில்லாமல் எல்லாரும் வர வேணும் எண்டு சொல்லிப்போட்டுப் போச்சினம். போன ஆக்களுக்கும் பயம், போகாத ஆக்களுக்கும் பயம். நான் போனனான்."

யாருக்குப் போட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. தேர்தல் வேலை பார்த்தவள் அதைக் கேட்கக் கூடாது. அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "அவைக்குத்தான். வேற ஆருக்குப் போடுறது?"

அந்த மாகாண சபைத் தேர்தலுக்கு இரண்டு மாதம் கழித்து, 1989 ஜனவரி 21இல், நமக்கு இங்கே சட்டமன்றத் தேர்தல். ஒரு வருஷம் நீடித்த ஜனாதிபதி ஆட்சி முடிந்த தேர்தல். எம்.ஜி.ஆர். மறைந்து, அ.தி.மு.க. சேவலும் இரட்டைப் புறாவுமாகப் பிரிந்து, தி.மு.க., காங்கிரஸ் என்று நான்கு முனைப் போட்டி. பெஞ்சில் உட்கார இடமில்லாமல் ஏஜெண்டுகள் சுவரோரம் நின்றார்கள். அரக்கும் நூலும் பச்சைத்தாள் முத்திரையுமாக ராத்திரி பெட்டியை மூடுவதற்குள் ஆளுக்கொரு சந்தேகம் கேட்டு உயிரை வாங்கினார்கள். பெட்டியின் மேல் தங்கள் கட்சி முத்திரையையும் வைக்க வேண்டும் என்று அடம் வேறு. அது அவர்களுடைய உரிமை. அந்தத் தொல்லைதான் தேர்தல் என்று அப்போது எனக்குத் தெரியாது, தூக்கம்தான் வந்தது.

அந்தத் தேர்தலில் உதயசூரியன் ஜெயித்தது. மூன்றரை வாரம் கழித்து, பிப்ரவரி 15இல், யாழ்ப்பாணத்தில் அதே உதயசூரியன் தோற்றது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் அதுதான் சின்னம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இந்தத் தோல்விதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்குச் சாட்சி, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அது இலங்கை நாடாளுமன்றத் தேர்தல். வடக்கு மக்கள் 1977க்குப் பிறகு அப்படி ஒரு தேர்தலையே பார்க்கவில்லை. 1982இல் ஜெயவர்த்தனா பொதுத் தேர்தலுக்குப் பதில் ஒரு வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டிக்கொண்டார். யாழ்ப்பாண மாவட்டம் பெருவாரியாக வேண்டாம் என்று வாக்களித்தும் பயனில்லை. அதற்கு முந்தைய வருஷம், மாவட்ட அபிவிருத்தி சபைத் தேர்தல் நேரத்தில்தான் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. வாக்குப் பெட்டிகள் காணாமல் போயின. 1983 மே மாத உள்ளூராட்சித் தேர்தலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள், வேட்பாளர்கள் சுடப்பட்டார்கள். ஆக, யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தேர்தல் என்றாலே ஒன்று அரசாங்கத்தின் திருட்டு, அல்லது இயக்கத்தின் துப்பாக்கி.

1989 பிப்ரவரியிலும் நம் படை அங்கேதான் இருந்தது. இம்முறை கூட்டணி, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈ.என்.டி.எல்.எஃப்., டெலோ எல்லாம் உதயசூரியனின் கீழ் ஒரே பட்டியலில் நின்றன. எதிரே ஈரோஸ் அமைப்பினர் சுயேச்சைக் குழுவாக நின்றார்கள். புலிகளின் மறைமுக ஆதரவு அவர்களுக்கு உண்டு என்பது அன்று ஊரறிந்த பேச்சு. ஆகவே அதையும் சுத்தமான போட்டி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் போட்டி என்று ஒன்று இருந்தது. வாக்குச்சீட்டில் இரண்டாவதாக ஒரு பெயர் இருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 11 இடங்களில் சுயேச்சைக் குழு 8, உதயசூரியன் 3. நாடு முழுவதும் சேர்த்து ஈரோஸ் 13, கூட்டணி 10. மூன்று மாதம் முன்னால் வடக்கை முழுதாக, எதிர்ப்பே இல்லாமல் "வென்ற" கட்சிகளுக்கு, மக்கள் உண்மையிலேயே முத்திரை குத்தியபோது கிடைத்தது அவ்வளவுதான். அமிர்தலிங்கமே மட்டக்களப்பில் தோற்றுத் தேசியப் பட்டியல் வழியாகத்தான் நாடாளுமன்றம் போனார்.

மக்களுக்கு அபிப்பிராயம் இல்லாமல் இல்லை. நவம்பரில் அதைக் கேட்பதற்கு ஆளில்லை.

இந்த இரண்டு தேர்தலுக்கும் நடுவில், 1988 டிசம்பர் 10இல், வரதராஜப் பெருமாள் முதலமைச்சராகப் பதவியேற்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பித்தவர். தலைநகர் திருகோணமலை. சபை இருந்தது, ஆளுநர் இருந்தார், ஆனால் பணமோ போலீசோ நிலமோ கொழும்பின் கையைவிட்டு நகரவில்லை. புதிதாக வந்த ஜனாதிபதி பிரேமதாசா, நம் படையை 1989 ஜூலைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டுப் புலிகளோடு பேசத் தொடங்கினார். கைவிடப்படுவோம் என்று தெரிந்ததும் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தனக்கென்று ஒரு படை திரட்ட வீதியில் போகிற பையன்களைப் பிடித்துப் போனது. 'பிள்ளை பிடி' என்று அதைத்தான் அங்கே சொன்னார்கள். பிள்ளையைப் பிடித்துப் போகிற அரசாங்கத்துக்கு யார் வாக்குப் போட்டிருப்பார்கள்? யாரும் போடவில்லை என்பதுதான் வடக்கில் விடை.

1990 மார்ச் 1ஆம் தேதி பெருமாள் சபையில் ஈழப் பிரகடனம் செய்தார். மார்ச் 24இல் நம் கடைசிச் சிப்பாயும் திருகோணமலையில் கப்பல் ஏறினார். 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் திரும்பவே இல்லை. திரும்பியவர்களை வரவேற்கத் துறைமுகத்துக்குப் போகமாட்டேன் என்றார் முதல்வர் கருணாநிதி. பெருமாளும் இந்தியா வந்து சேர்ந்தார். அமிர்தலிங்கத்தையும் யாழ்ப்பாணத்தின் முன்னாள் எம்.பி. யோகேஸ்வரனையும் 1989 ஜூலை 13இல் கொழும்பில், வீட்டுக்குள் உட்கார்ந்து தேநீர் குடித்தபின் புலிகள் சுட்டுக் கொன்றிருந்தார்கள். பத்மநாபாவை 1990 ஜூன் 19இல் சென்னை கோடம்பாக்கத்தில் தோழர்களோடு சேர்த்துக் கொன்றார்கள்.

தெற்கிலும் அப்போது இதேதான் என்பதை நம் பத்திரிகைகள் அதிகம் எழுதவில்லை. மாகாண சபை என்பதே இந்தியா திணித்தது என்று சிங்கள இடதுசாரி இயக்கமான ஜே.வி.பி. துப்பாக்கி தூக்கியது. தேர்தலில் நின்றவர்களைக் கொன்றது. ஒப்பந்தத்தை ஆதரித்த நடிகர் விஜய குமாரதுங்காவை 1988 பிப்ரவரியில் அவர் வீட்டு வாசலில் சுட்டார்கள். 1988 டிசம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நாடு முழுக்க 55 சதவீதம்தான் வாக்குப்பதிவு. யாழ்ப்பாணத்தில் ஐந்தில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள்.

சரி, அப்படியானால் சண்டை ஓயும்வரை தேர்தலே வேண்டாமா? இந்தக் கேள்விக்கு ஒரே பதில் எனக்கு இல்லை. உலகத்தில் இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது.

இராக்கில் அமெரிக்கப் படை இருக்க, 2005 ஜனவரி 30இல் தேர்தல் நடந்தது. 275 இடங்களுக்கு நாடு முழுவதும் ஒரே தொகுதி. உயிருக்குப் பயந்து பல வேட்பாளர்களின் பெயரைக் கடைசிவரை வெளியிடவே இல்லை. யார் என்று தெரியாமல் பட்டியலுக்கு வாக்குப் போட்டார்கள். ஊதா மை வைத்த விரலைத் தூக்கிக்காட்டிய படங்கள் உலகமெல்லாம் போயின. மொத்தம் 58 சதவீதம் என்றார்கள். சுன்னி மக்கள் நிறைந்த அன்பார் மாகாணத்தில் 2 சதவீதம். ஒரு பகுதி மக்கள் பெரும்பாலும் வெளியே நின்ற சபைதான் அரசியல் சட்டம் எழுதும் வேலையைத் தொடங்கியது. அதற்குப் பின் அந்த நாடு பட்டது தெரிந்த கதை.

கிழக்குத் தீமோரில் 1999 ஆகஸ்ட் 30இல் நடந்தது தேர்தல் அல்ல, வாக்கெடுப்பு. இந்தோனேசிய ராணுவம் அங்கேயே நின்றது. அதன் கையாள் கும்பல்கள் வீடு வீடாக மிரட்டின. ஆனால் நடத்தியது ஐ.நா. வாக்குச்சீட்டில் இரண்டு பக்கமும் இருந்தன. பதிவு செய்தவர்களில் 98 சதவீதத்துக்கும் மேல் வந்து வாக்களித்தார்கள், 78 சதவீதம் பேர் பிரிந்து போவதைத் தேர்ந்தார்கள். முடிவு வந்ததும் கும்பல்கள் ஊரையே எரித்தன என்பதும் உண்மை. ஆனாலும் அந்த முடிவை யாராலும் பொய் என்று சொல்ல முடியவில்லை. இன்று தீமோர் ஒரு நாடு.

இரண்டு இடத்திலும் துப்பாக்கி இருந்தது, ரத்தம் இருந்தது. என் கணக்கில் வித்தியாசம் இரண்டே. படை வைத்திருப்பவனே தேர்தலை நடத்தினானா, மூன்றாம் ஆளா? எதிர்த் தரப்பு வாக்குச்சீட்டில் இருந்ததா, இல்லையா? 1988இல் நம் அரசு இந்த இரண்டிலும் தவறிவிட்டது. ஒப்பந்தம் தோற்கவில்லை என்று காட்ட டெல்லிக்கு ஒரு முதலமைச்சர் தேவைப்பட்டார். அதற்கு ஒரு தேதி தேவைப்பட்டது. கூட்டணி போன்ற கட்சிகள் பயமில்லாமல் மனுப் போடும் நிலை வரும்வரை வடக்கை மட்டும் தள்ளிவைத்துக் கிழக்கில் நடத்தியிருக்கலாம். அரைச் சபை என்று கேலி செய்திருப்பார்கள். ஆனால் அந்த அரைச் சபைக்காவது மக்கள் இருந்திருப்பார்கள்.

புலிகளை இதில் தப்பவிட எனக்கு விருப்பமில்லை. நம் படை போன பிறகும் வாக்குப் போடுகிறவரையும் வாக்குக் கேட்கிறவரையும் அவர்கள் விடவில்லை. இலங்கை ராணுவத்தின் பிடிக்குள் வந்த யாழ்ப்பாணத்தில் 1998 ஜனவரியில் மாநகர சபைத் தேர்தல் நடந்தது. மேயரானவர் சரோஜினி யோகேஸ்வரன். மேலே சொன்ன, 1989இல் கொல்லப்பட்ட யோகேஸ்வரனின் மனைவி. மே மாதம் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த மேயர் சிவபாலனைச் செப்டம்பரில் குண்டு கொன்றது. 2005 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வடக்கு வாக்களிக்கக் கூடாது என்று புலிகள் தடுத்தார்கள். யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒன்றே கால் சதவீதம்கூட முழுதாகப் பதிவாகவில்லை. நாடு முழுக்க எண்ணிப் பார்த்தபோது மகிந்த ராஜபக்சே ஜெயித்த வித்தியாசம் ஏறக்குறைய 1.8 லட்சம் வாக்குகள். வடக்கு வாக்களித்திருந்தால் அவர் வந்திருப்பாரா என்று இன்றும் முகாமில் பேசிக்கொள்கிறார்கள். பெஞ்சைக் காலியாக்குகிறவன் எந்தப் பக்கத்துக்காரன் என்பது முக்கியமில்லை, வாக்காளருக்கு நஷ்டம் ஒன்றுதான்.

முகாமுக்காரர்கள் நிலை இன்னும் விசேஷம். இங்கே அவர்கள் குடிமக்கள் இல்லை, ஆகவே வாக்கில்லை. இலங்கையில் வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை, ஆகவே அங்கேயும் இல்லை. தமிழ்நாட்டு முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி இரண்டு கரையிலும் வாக்கில்லாமல் இருக்கிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தமும் இவர்களைச் சேர்க்கவில்லை. இந்திய மண்ணில் 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் என்ற சட்டத்தைக் காட்டி, கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த ஒரு பெண் நீதிமன்றப் படியேறி உரிமை பெற்று, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சித் தொகுதியில் வாக்களித்தார். முகாமின் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

மாகாண சபை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இணைப்பு செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் சொல்ல, வடக்கும் கிழக்கும் பிரிந்தன. கிழக்கு மக்களிடம் நடத்துவதாக ஒப்பந்தத்தில் எழுதிய வாக்கெடுப்பு ஒருபோதும் நடக்கவில்லை. வடக்கு மாகாண சபைக்கு மக்கள் முதன்முதலாக வாக்களித்தது 2013 செப்டம்பர் 21இல். ஒப்பந்தம் கையெழுத்தாகி இருபத்தாறு வருஷம் கழித்து! தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38இல் 30 இடங்களை வென்று விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அந்தச் சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தொகுதி எல்லை, சட்டத் திருத்தம் என்று சொல்லி அதற்குப் பின் எந்த மாகாணத்துக்கும் தேர்தல் நடத்தவில்லை. அன்று மாகாண சபைக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கிய ஜே.வி.பி.யின் தலைவர்தான் 2024 முதல் ஜனாதிபதி. அவர் கூட்டணி யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6இல் 3 இடங்களை வென்றிருக்கிறது. இப்போது அங்கே அன்னியப் படையும் இல்லை, மனுப் போடுகிறவரைச் சுடுவதற்கு இயக்கமும் இல்லை.

கொழும்பிலிருந்து யார் டெல்லி வந்தாலும், மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றும்படி வலியுறுத்தினோம் என்று நம் வெளியுறவுத் துறை ஓர் அறிக்கை தருவது வழக்கமாகிவிட்டது. அந்தச் சபைக்காக 1,100 சிப்பாய்களைப் பலி கொடுத்தவர்கள் நாம். அடுத்த அறிக்கையில் தேர்தலுக்கு ஒரு தேதி இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கட்டும். உங்கள் தொகுதிக்காரர் கேட்கவில்லை என்றால், அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது நீங்கள் அவரைக் கேளுங்கள்.